வாரம் ஒரு எண் – 9: ஆறாவது ஆள் காலை வாரிய கதை

போன வாரமும் அதுக்கு முந்தின வாரமும் பதிவு வரலை. "என்னாச்சு, கடையை மூடிட்டியா?"ன்னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டிருந்தாங்க. (மொத்த வாசகர்களே ரெண்டு பேர்தானான்னு கேக்கப்படாது.) கடை திறந்துதான் இருக்கு. முதலாளிக்குத்தான் மனசு சரியில்லாம போச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கும் இந்த வார எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கு.

இந்த வார எண்:

4294967297

நம்ம ஊர் முறைப்படி வாசிச்சா நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை. தொலைபேசி எண் மாதிரி இருக்கு. ஆனா கணித வரலாற்றிலேயே ஒரு பெரிய மனுஷரை இவ்வளவு சுத்தமா கவிழ்த்துவிட்ட எண் வேற இருக்குமான்னு தெரியலை.

கவிழ்ந்த பெரிய மனுஷர் பியர் த ஃபெர்மா. பிரான்ஸ்ல துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் உத்தியோகம். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. நாம ஆணி புடுங்குற நேரம் போக பதிவு எழுதுற மாதிரி, அவர் தீர்ப்பு எழுதுற நேரம் போக தேற்றம் எழுதினார். 1640-ல நண்பர்களுக்கு எழுதின கடிதங்களில் ஒரு விஷயத்தைச் சொல்றார்.

2-ல ஆரம்பிங்க. அதோட வர்க்கம் 4. அதோட வர்க்கம் 16. பிறகு 256. பிறகு 65536. ஒவ்வொண்ணோடயும் ஒண்ணு கூட்டுங்க:

3, 5, 17, 257, 65537

அஞ்சுமே பகா எண்கள். அதாவது ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஃபெர்மா என்ன சொன்னார்னா, இப்படியே போனா வர்ற எல்லா எண்ணும் பகா எண்தான். தன்கிட்ட முழு நிரூபணம் இல்லைன்னு நேர்மையா ஒத்துக்கிட்டார். ஆனா நிறைய வகுத்திகளைக் கழிச்சுக் கட்டிட்டேன், எனக்குச் சந்தேகமே இல்லைங்கிற தொனியில எழுதினார்.

65536-ஐ வர்க்கம் பண்ணி ஒண்ணு கூட்டினா வர்ற ஆறாவது ஆள்தான் நம்ம 4294967297. அதாவது 2-ன் 32-ஆம் அடுக்கு, கூட்டல் 1.

தொண்ணூறு வருஷம் இதை யாரும் அசைக்கலை. ஃபெர்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க போல. 1729 டிசம்பர்ல (ஆமாங்க, அதே 1729, நம்ம ராமானுஜன் டாக்ஸி எண்!) கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதின கடிதத்துல பின்குறிப்பா ஒரு கேள்வி போட்டார்: ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்காரே, உனக்குத் தெரியுமா? ஆய்லர் அப்போ ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்தார். இருபத்திரண்டு வயசு. வெளிநாட்டுக்குப் போன சுவிஸ் பையன், நம்மள மாதிரி. முதல்ல பெருசா கண்டுக்கலை. 1732-ல விடை வந்துச்சு:

4294967297 = 641 × 6700417

முடிஞ்சது கதை. பெருக்கிப் பார்த்துக்குங்க, நான் பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டேன்.

இதை ஆய்லர் எப்படிப் பிடிச்சார்ங்கிறதுதான் ருசியான பகுதி. சும்மா 3, 7, 11, 13ன்னு வரிசையா வகுத்துக்கிட்டே போகலை. இந்த எண்ணுக்கு ஒரு வகுத்தி இருந்தா அது 64-ன் மடங்கோட ஒண்ணு கூட்டின மாதிரிதான் இருக்க முடியும்னு பின்னாடி ஒரு கட்டுரையில நிரூபிச்சும் காட்டினார். அப்படி வர்ற எண்கள்ல பகா எண்களை மட்டும் பொறுக்கினா: 193, 257, 449, 577, 641. அஞ்சாவது முயற்சியில ஆள் சிக்கிட்டார்!

1878-ல லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் இதை இன்னும் இறுக்கினார். 64 இல்லை, 128-ன் மடங்கோட ஒண்ணு. இப்போ வரிசை: 129 (3-ஆல வகுபடும்), 257, 385 (5-ஆல), 513 (3-ஆல), 641. மிச்சம் ரெண்டே பேர். அதுல 257 ஏற்கனவே ஃபெர்மா வரிசையில இருக்குற எண். இந்த வரிசையில ஒண்ணு இன்னொண்ணை வகுக்கவே வகுக்காது (காரணம் கீழே வருது). ஆக, ஒரே ஒரு வகுத்தல்தான் பாக்கி.

இன்னொரு வித்தை இருக்கு. வகுக்காமலே காட்டலாம். பொறுமையா வாங்க, நாலே வரிதான்.

ஒண்ணு: 641 = 5 × 128 + 1. அதனால 5 × 128-ஐ 641-ஆல வகுத்தா ஒண்ணு குறையும். மீதி "கழித்தல் 1"ன்னு வச்சுக்கலாம். 128-ங்கிறது 2-ன் 7-ஆம் அடுக்கு.

ரெண்டு: இதை நாலு தடவை தன்னோடயே பெருக்கினா 625 × (2-ன் 28-ஆம் அடுக்கு). கழித்தல் ஒண்ணை நாலு தடவை பெருக்கினா ஒண்ணு. ஆக மீதி 1.

மூணு: 641 = 625 + 16. அதனால 641-ஐப் பொறுத்தவரை 625-ம் "கழித்தல் 16"-ம் ஒண்ணுதான். 16-ங்கிறது 2-ன் 4-ஆம் அடுக்கு.

நாலு: மேல 625 இருக்குற இடத்துல கழித்தல் 16-ஐப் போடுங்க. கழித்தல் (2-ன் 32-ஆம் அடுக்கு) விடுற மீதி 1. அப்படின்னா 2-ன் 32-ஆம் அடுக்கோட ஒண்ணு கூட்டினா மீதி பூஜ்யம்.

அவ்வளவுதான்! முதல் தடவை இதைப் பார்த்தப்போ எங்கப்பா கரும்பலகையில எழுதிட்டு சாக்பீசை ஊதிட்டுத் திரும்பிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு. (கோவில்பட்டிப் பக்கம் கணக்கு வாத்தியார். நான் அவர் வகுப்புலயே படிச்சு அடி வாங்கினவன்.)

சரி, ஃபெர்மா எப்படிக் கோட்டை விட்டார்? சும்மா பகா எண்களை வரிசையா வச்சு வகுத்திருந்தாலே 641 தான் 116-ஆவது பகா எண். 116 வகுத்தல் அந்தக் காலத்து ஆளுக்கு ரெண்டு மூணு நாள் வேலை. இதுல கொடுமை என்னன்னா, வகுத்தியைத் தேட ஆய்லர் பயன்படுத்தின ஆயுதமே ஃபெர்மா செஞ்சு கொடுத்ததுதான். அதே 1640-ல அவர் எழுதின சின்னத் தேற்றம். எங்கேயோ கூட்டல் கழித்தல்ல கை தவறியிருக்கும்னு சில வரலாற்று ஆசிரியர்கள் ஊகிக்கிறாங்க.

நம்ம எண்ணும் சாமானியப்பட்டது இல்லை, மாறுவேஷத்துல கில்லாடி. அந்தச் சின்னத் தேற்றம் என்ன சொல்லுதுன்னா, 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்துக்கிட்டாலும், 2-ஐ அந்த எண்ணுக்கு ஒண்ணு குறைவான அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணாலயே வகுத்தா மீதி 1 வரும். நம்ம 4294967297-ஐ இந்தச் சோதனையில விட்டுப் பாருங்க. மீதி 1! பகா எண் இல்லை, ஆனா பகா எண்ணோட அடையாள அட்டையை வச்சிருக்கு. அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பினா எவனா இருந்தாலும் ஏமாறுவான்.

இப்போ இந்த எண்ணோட அக்கம்பக்கம் பார்ப்போம்.

முதல் அஞ்சு பேரையும் பெருக்குங்க: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம்ம எண்ணுக்குச் சரியா ரெண்டு குறைவு. இதனாலதான் அந்த அஞ்சுல எதுவும் இதை வகுக்காது. எதால வகுத்தாலும் மீதி 2 தான். மேல சொன்ன 257 கதை இதுதான்.

பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு 4294967295-ஐ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குமே? 32 பிட்டுல எழுதக்கூடிய மிகப் பெரிய எண். பழைய ஐ.பி. முகவரிகள் மொத்தம் 4294967296. அதுல மிச்சமிருந்த கடைசிப் பெரும் பங்குகளை 2011 பிப்ரவரியில பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. கல்லூரியில முதல் வருஷம் நான் சி மொழியில ஃபெர்மா எண்களை அச்சடிக்க ஒரு நிரல் எழுதினேன். 3, 5, 17, 257, 65537ன்னு அழகா வந்துட்டு ஆறாவதா "1"ன்னு வந்துச்சு. 32 பிட்டு நிரம்பி வழிஞ்சு பூஜ்யம் ஆகி, அதோட ஒண்ணு கூடினதால ஒண்ணு. அப்பவே ஆறாவது ஆள் எனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கார், நான்தான் கவனிக்கலை.

சதுரங்கப் பலகையில கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டிப்பாக்குற கதை எல்லாருக்கும் தெரியும். முதல் பாதிப் பலகை, அதாவது 32 கட்டத்துல சேர்ற அரிசி 4294967295 மணி. ஆயிரம் மணி 25 கிராம்னு வச்சா நூறு டன்னுக்குக் கொஞ்சம் மேல. ராஜா அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்திருப்பார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாஸ்கல் முக்கோணம். 1, 1 1, 1 2 1, 1 3 3 1ன்னு மேல இருக்குற ரெண்டைக் கூட்டிக் கீழே எழுதிக்கிட்டே போவோமே, அது. அதுல ஒற்றைப்படை எண் இருக்குற இடத்துல 1, இரட்டைப்படை இடத்துல 0 போடுங்க. 1, 11, 101, 1111, 10001, 110011... இதை இரும எண்களா வாசிச்சா 1, 3, 5, 15, 17, 51... முதல் 32 வரியும் 4294967295-ஓட 32 வகுத்திகளை அப்படியே வரிசை மாறாம கொடுக்கும். ஒண்ணும் விடுபடாது. முப்பத்திரண்டாவது வரி 4294967295-ஏதான். முப்பத்து மூணாவது வரி? நடுவுல முழுக்க பூஜ்யம், ரெண்டு ஓரத்துலயும் 1. நம்ம தலைவர் 4294967297!

இதுல இன்னொரு சங்கதியும் ஒளிஞ்சிருக்கு. அந்த 32-ல ஒண்ணை விட்டுட்டா மிச்சம் 31. அளவுகோலும் கவராயமும் மட்டும் வச்சு வரையக்கூடிய, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்கள்னு இதுவரை தெரிஞ்சது இந்த 31 தான். இதைத் திறந்து வச்சவர் காஸ். 1796 மார்ச் 29, வயசு பதினெட்டு, கோட்டிங்கன்ல படிச்சுக்கிட்டிருந்த மாணவர், லீவுக்குச் சொந்த ஊருக்கு வந்திருக்கார். காலையில படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும்னு கண்டுபிடிச்சுட்டார். நாம லீவுக்கு ஊருக்குப் போனா காலை பத்து மணிக்கு அம்மா தண்ணி தெளிச்சாதான் எழுந்திரிக்கிறோம். ஹூம்.

அந்தச் சொந்த ஊர்தான் பிரவுன்ஷ்வைக். இப்போ அடியேன் குப்பை கொட்டுற ஊர். காஸ் சிலை நான் தினமும் சைக்கிள்ல போற வழியில இருக்கு. பீடத்துல 17 முனை நட்சத்திரம் ஒண்ணு உண்டு. 17 பக்கப் பலகோணமாவே செதுக்கினா பார்க்கிறவங்களுக்கு வட்டம் மாதிரிதான் தெரியும்னு நட்சத்திரமாக்கிட்டாங்களாம். 65537 பக்கத்துக்குப் பத்து வருஷம் உழைச்சு எழுதின ஹெர்மஸ் என்ற புண்ணியவானும் இந்த நாட்டுக்காரர்தான். 1894-ல முடிச்ச அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன்ல ஒரு பெட்டியில இருக்கு. 4294967297 பக்கத்துக்கு யாரும் இறங்க மாட்டாங்க. 1837-ல வான்ட்செல் நிரூபிச்சதுப்படி அதை வரையவே முடியாது; 641 அந்த வரிசையில இல்லாததால.

இன்னொரு குட்டித் தகவல். ஜெரா கோல்பர்ன்னு அமெரிக்காவில் ஒரு மனக்கணக்குச் சிறுவன், 1804-ல பிறந்தவன். எட்டு வயசுல லண்டனுக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாரும் கேள்வி கேட்டிருக்காங்க. 4294967297-க்குக் காரணி கேட்டதும் மனசுக்குள்ளயே போட்டு 641-ஐச் சொன்னானாம். நமக்கு 17-ஆம் வாய்ப்பாடே தகராறு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

ஆறாவதுக்கு அப்புறம் என்னாச்சு? ஏழாவது பகா எண் இல்லை. எட்டாவதும் இல்லை. 2-ன் அடுக்கைப் பூஜ்யத்துல இருந்து எண்ணினா (3 பூஜ்யமாவது, 65537 நாலாவது) அஞ்சுல இருந்து முப்பத்திரண்டு வரைக்கும் ஒண்ணு விடாம எல்லாமே பகு எண்கள். முப்பத்து மூணாவதுக்கு மட்டும் 258 கோடி இலக்கங்கள். அது என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதாவது ஃபெர்மா விதின்னு நினைச்ச அந்த அஞ்சுதான் விதிவிலக்கு. விதிவிலக்குன்னு தள்ளத் தோணுற அந்த ஆறாவதுதான் விதி.

என் முதுகலை ஆய்வு பேரிங் தேய்மானம் பத்தி. பேரிங்கை ஓடவிட்டு, அதிர்வை அளந்து, இது இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்னு கணிக்கணும். ஒரு சூத்திரம் பிடிச்சேன். அஞ்சு பேரிங்ல ஓட்டினேன். அஞ்சுக்கும் பத்து சதவீதத்துக்குள்ள சரியா வந்துச்சு. தலைகால் புரியலை. பேராசிரியர்கிட்ட "எல்லாத்துக்கும் பொருந்துது"ன்னு சொன்னேன். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம், அதுலயும் அதே வாக்கியம். செப்டம்பர்ல முடிச்சா அக்டோபர்ல ஒரு இடத்துல வேலை, வாய்மொழியா சொல்லியிருந்தாங்க. ஊர்ல வீட்டுப் பத்திரத்தை வச்சு வாங்கின கல்விக்கடன் இருக்கு.

மூணு வாரம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆறாவது பேரிங். சூத்திரம் இன்னும் நாற்பது மணி நேரம்னு சொல்லுது. மூணு மணி நேரத்துல கடகடன்னு சத்தம் போட்டு முடிஞ்சுபோச்சு.

ஆய்வகத்துல நான் மட்டும்தான். அந்தக் கோப்பைப் பார்த்தவன் உலகத்துல நான் ஒருத்தன்தான். பக்கத்து அறை ஈரோட்டு நண்பன் "சென்சார் கோளாறுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போடா, யார் கேக்கப்போறா?"ன்னான். கெட்டவன் இல்லைங்க அவன், என் கடன் தொகை தெரிஞ்சவன். நானும் ரெண்டு நாள் சென்சாரைத்தான் குடைஞ்சேன், கோளாறா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே. சென்சார் குத்துக்கல்லாட்டம் சரியா இருந்துச்சு. அடுத்த நாலு நாள் யார்கிட்டயும் சொல்லலை. சிலையைத் தாண்டிப் போகாம வேற வழியில சுத்திப் போனேன்னா சிரிப்பீங்க.

ஞாயித்துக்கிழமை அப்பா கூப்பிட்டார். குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டார். "என்னய்யா, சாப்பிட்டியா? ஏன் ஒரு மாதிரி பேசுத?" சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆறாவதை நீ மறைச்சுருவ, சரி. ஏழாவது சும்மா இருக்குமாய்யா?"ன்னார். அதுக்கு மேல புத்திமதி எதுவும் சொல்லலை. ஃபோனை வைக்கும்போது மட்டும், "வட்டியை நான் பார்த்துக்கிடுதேன். பென்ஷன் வருதுல்லா."

திங்கள்கிழமை காலையில பேராசிரியர் அறைக்குப் போய் கோப்பைக் காட்டினேன். அவர் திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, இது எப்போ ஓடினதுன்னு கேட்டார். தேதியைச் சொன்னேன். ஆறு நாள் ஆச்சுன்னு அவருக்கும் புரிஞ்சது, எனக்கும் புரிஞ்சது. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்ப வாங்கிட்டோம். ஆய்வு மூணு மாசம் தள்ளிப்போகுது. வேலை கொடுக்கிறதா சொன்ன இடத்துக்கு உண்மையை எழுதிக் கேட்டிருக்கேன். பதில் இன்னும் வரலை.

ஏழாவது பேரிங் நேத்து ஓடிச்சு. அதுவும் சூத்திரத்துக்கு அடங்கலை. ஆனா ஆறாவது மாதிரியே அடங்கலை. முதல் அஞ்சும் ஒரே பெட்டியில வந்தவை, இது ரெண்டும் வேற பெட்டி. ஏதோ இருக்கு. பார்க்கணும்.

வீட்டுப்பாடம்: 6700417 பகா எண்தானா? அதை வகுக்கிற எதுவும் 4294967297-ஐயும் வகுக்கும், அதனால லூக்கா சொன்ன 128 விதிக்குள்ளதான் வந்தாகணும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள வர்ற பகா எண்கள் அஞ்சே அஞ்சு: 257, 641, 769, 1153, 1409. அஞ்சு வகுத்தலோட மீதியையும் பின்னூட்டத்துல போடுங்க. கால்குலேட்டர் தொடாம போடுறவங்களுக்கு நான் ஊருக்கு வரும்போது கோவில்பட்டி கடலைமிட்டாய்.

டிஸ்கி: அஞ்சையும் போட்டுப் பாருங்க சாமி. நாலு சரியா வந்துச்சுன்னு அஞ்சாவதை விட்டுடாதீங்க :)

அடுத்த வாரம் (ஆணி அனுமதிச்சா) பத்தாவது எண்ணோட வர்றேன். வர்ட்டா?